ஜெசிந்தா வீட்டு மிச்ச நாற்று

முத்துப்பேச்சிக்குப் பொறுக்காத காரியம் ஒன்று உண்டென்றால் அது விதைத்த நிலத்தில் முளைக்காமல் கிடக்கிற குழிதான். சோற்றில் கல் கிடந்தால் துப்பிவிட்டு அடுத்த வாய் அள்ளுவாள். மருமகள் சுகன்யா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் காதில் விழாத மாதிரி இருந்துகொள்வாள். ஆனால் பருத்தி முளைத்து வரிசை வரிசையாக நிற்கும்போது நடுவில் ஒரு குழி பொக்கை வாய் மாதிரி தெரிந்தால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்கு மட்டும் என்றில்லை. கன்னிவாடிக்குக் கிழக்கே இருக்கிற அந்த ஊரில் பெண்கள் எல்லாருக்கும் இந்தக் குணம் உண்டு. விதை ஊன்றுகிற அன்றைக்கே டீக்கடைக் காகிதக் கப்புகளில் மண்ணும் எருவும் போட்டு, அதிலும் ஒவ்வொரு விதையை ஊன்றி, வீட்டோரம் நிழலில் வைத்துவிடுவார்கள். நிலத்தில் எந்தக் குழி ஏமாற்றுகிறதோ, அங்கே கப்பைக் கிழித்து நாற்றை நட்டுவிடுவார்கள். தன் வீட்டுக் கப்பு போதாவிட்டால் அடுத்த வீட்டில் கேட்பார்கள். மிச்சம் வைத்திருப்பவர்கள் கேட்காமலே கொண்டுவந்து தருவார்கள். தயிருக்கு உறை கொடுப்பது மாதிரிதான் இதுவும். யாரும் இதற்குக் கணக்கு வைத்ததில்லை. ஆண்கள் காதுக்குப் போகிற அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை.

அந்த ஆவணியில் விதை ஊன்றிய கையோடு மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் எல்லாம் நன்றாக முளைத்தது. கிணற்றோரப் பள்ளத்தில் தண்ணீர் நின்று பாதி விதை அழுகிவிட்டது. முத்துப்பேச்சி வீட்டில் வைத்திருந்த கப்புகளையும் கோழி கிளறிவிட்டது. புருசன் கண்ணுசாமியும் ஊரில் இல்லை. தாடிக்கொம்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் பருத்திக் கம்பெனிக்காரர்கள் பயிற்சி வைத்திருந்தார்கள். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்களை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேயே தங்கல், அங்கேயே சாப்பாடு.

பள்ளத்தைப் பார்த்து இவள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான், அடுத்த காட்டுக்காரி ஜெசிந்தா தலையில் ஒரு பழைய தகரத் தட்டோடு வரப்பில் வந்தாள்.

"மதினி, ஒங்க பள்ளத்த ரோட்டுல இருந்து பாத்தேன். நம்ம சைக்கிள் கடைக்காரரு பல்லு மாதிரில ஒண்ணு விட்டு ஒண்ணு நிக்குது."

"அந்தாளு பல்லு வெத்தல போட்டுப் போச்சு. என் வெதை மழையில போச்சு. சிரிக்கிறியா நீ?"

"சிரிக்கவா வந்தேன்? இந்தாங்க." தட்டை இறக்கி வைத்தாள். கப்பு கப்பாக நாற்று, இரண்டிரண்டு இலையோடு நிமிர்ந்து நின்றது. "எங்க வீட்டுல மிச்சம். அவரு தூக்கிப் போடச் சொன்னாரு. பச்சப்புள்ள மாதிரி நிக்குது மதினி, எப்பிடித் தூக்கிப் போட?"

"ஏத்தா, நீ நல்லா இருப்ப."

"நல்லா இருக்கது இருக்கட்டும். பருத்தி எடுக்கையில எனக்கு ஒரு நா ஆளா வாங்க. அது போதும்."

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் முத்துப்பேச்சியும் சுகன்யாவும் பள்ளத்தில் முளைக்காத குழி அத்தனையிலும் நட்டு முடித்துவிட்டார்கள். வரிசை நிறைந்தது. முத்துப்பேச்சி இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

இனி, கண்ணுசாமி ஏன் அந்தப் பயிற்சிக்குப் போனான் என்பதைச் சொல்ல வேண்டும்.

மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் பீட்டி என்கிற புதுப் பருத்தி விதை அந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன்னால் பச்சைப் புழு காயைத் துளைத்துத் துளைத்து மூன்று வருசம் அவர்களை அழ வைத்திருந்தது. புது விதையில் செடிக்குள்ளேயே புழுவுக்கு விஷம் இருக்கிறது என்றார்கள். கண்ணுசாமி நம்பவில்லை. போட்டுப் பார்த்தான். புழு இலையைக் கடித்துவிட்டுச் செத்துக் கிடந்ததை அவனே முத்துப்பேச்சியைக் கூட்டிப்போய்க் காட்டினான். அந்தச் சில வருசங்களை அவள் குறை சொல்லவே மாட்டாள். ஓட்டு வீடு தளம் போட்ட வீடானது அந்தப் பருத்தியில்தான்.

பிறகு ரோஸ் புழு வந்தது. அது செடியின் விஷத்துக்கெல்லாம் அசையவில்லை. காயை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உடைத்தால் உள்ளே கறுத்துக் கிடக்கும். கடைக்காரர்கள் ஒரு மருந்து கொடுத்தார்கள், அது கேட்கவில்லை என்றதும் இன்னொன்று கொடுத்தார்கள், பிறகு இரண்டையும் கலந்து அடிக்கச் சொன்னார்கள். மருந்து டேங்கு கண்ணுசாமியின் முதுகை விட்டு இறங்காத வருசம் அது. ஒரு மத்தியானம், இடுப்பளவு செடிக்கு நடுவே, வாயில் கட்டிய துண்டோடு அவன் சரிந்து விழுந்தான். முத்துப்பேச்சி கஞ்சி கொண்டு போனவள், டேங்கு மட்டும் செடிக்கு மேல் தெரிவதைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தாள்.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஆனால் நெஞ்சில் இழுப்பும் கையில் நடுக்கமும் தங்கிவிட்டன. "இனிமே மருந்து வாடை படுற எடத்துல நிக்கவே கூடாது. இன்னொரு தடவ இப்பிடி வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்று டாக்டர் அவனிடம் சொல்லவில்லை, அவளிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முத்துப்பேச்சி செய்த முதல் வேலை, அந்த டேங்கை மாட்டுக்கொட்டகை உத்திரத்தில் தூக்கிக் கட்டியதுதான். கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டாள்.

மறு வருசம் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பீட்டி கிடையாது, விஷ மருந்து கிடையாது, விதை நாங்கள் தருகிறோம், சுத்தமான பருத்தி என்று வெளிநாட்டுக்குப் போகும், நாங்களே எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் யோசித்தார்கள். பெலிக்ஸ், அதுதான் ஜெசிந்தா புருசன், "எனக்கு இருக்கிற கடனுக்கு நான் வெளையாடிப் பாக்க முடியாதுப்பா" என்று விலகிக்கொண்டான். முத்துப்பேச்சி மட்டும் யோசிக்கவே இல்லை. விலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. டேங்கு இல்லாமல் பருத்தி போடலாம் என்ற ஒன்றுதான் அவள் காதில் விழுந்தது. ஒன்பது வீடு சேர்ந்தார்கள். கண்ணுசாமி வீடு அதில் முதல் வீடு.

பயிற்சி முடித்துக் கண்ணுசாமி ஒரு துணிப்பையும் தலையில் ஒரு தொப்பியுமாக வந்து இறங்கினான். வந்ததும் வராததுமாகக் காட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"ஏ முத்து, அம்புட்டு மழைக்கும் பள்ளத்துல நல்லாத்தான் மொளைச்சிருக்கு!"

"கையி யாரு கையி?" என்றாள் அவள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

ராச்சோற்றின்போது அவன் படித்துவிட்டு வந்த பாடத்தை ஒப்பித்தான். வேப்பங்கொட்டைக் கரைசலை எப்படி ஊற வைப்பது, ஆமணக்கை எங்கே நடுவது. "முக்கியமா கடையில வேற வெதை வாங்கக் கூடாதாம். ஒரு வீட்டுல தப்பு நடந்தாலும் ஒம்பது வீட்டையும் தள்ளிருவாகளாம்."

"நாம எங்க வாங்குனோம்? அவுகதான குடுத்தாக."

"அதத்தான் நானும் சொன்னேன்."

அவள் பொய் சொல்லவில்லை, பாருங்கள். மறைக்கவும் இல்லை. விதை என்றால் கடையில் பாக்கெட்டில் இருப்பது. ஜெசிந்தா கொடுத்தது நாற்று. அதுவும் மிச்ச நாற்று. அடுத்த வீட்டு உறை ஊற்றித் தோய்ந்த தயிரை அடுத்த வீட்டுத் தயிர் என்று யாராவது சொல்வார்களா?

ஐப்பசியில் கம்பெனி ஆள் வந்தான். விக்னேஷ்குமார் என்று பெயர், வேடசந்தூர்ப் பக்கத்துப் பையன், மரியாதை தெரிந்தவன். பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, வரப்போரம் நின்ற செடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலையைக் கிள்ளி, சின்னக் குப்பியில் போட்டுக் குச்சியால் நசுக்கினான். அதில் ஒரு காகிதப் பட்டையை நிறுத்தி வைத்தான்.

"ஒரு கோடு வந்தா சுத்தம்மா. ரெண்டு கோடு வந்தா பீட்டி."

சுகன்யா எட்டிப் பார்த்தாள். "அத்த, இது ஆஸ்பத்திரியில புள்ள உண்டாயிருக்கான்னு பாக்குற மாதிரியில்ல இருக்கு?"

"சும்மா இருடி."

"சார், எங்க பருத்திக்கு எத்தன மாசம்?"

விக்னேஷ்குமாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பட்டையில் ஒரே ஒரு கோடு ஏறியது. கண்ணுசாமி அந்தப் பட்டையை வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தான்.

நல்ல வருசம் அது. ஊற வைத்த வேப்பங்கொட்டை வாடை வீடெல்லாம் அடித்தது. விஷம் பட்ட டேங்கில் அதை ஊற்றக் கூடாது என்று கம்பெனியே புதிதாக ஒரு தெளிப்பான் கொடுத்திருந்தது. கண்ணுசாமி அதை மாட்டிக்கொண்டு காலை வெயிலில் நடப்பான், அடித்து முடித்துவிட்டு அதே கையோடு உட்கார்ந்து கஞ்சி குடிப்பான். முத்துப்பேச்சி வேறு எதையும் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்தாள். கார்த்திகையில் டம்ளரைத் தளும்பாமல் தூக்கினான். தைப் பொங்கலுக்கு முதல் நாள், முகச்சவரம் தானே செய்துகொண்டான். தாடையில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் கொட்டகைக்குள் போய் உத்திரத்தில் தொங்கிய டேங்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தாள். அதில் குளவி கூடு கட்டியிருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முதல் எடுப்புப் பருத்தியை ஒன்பது வீடும் களத்து ஷெட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டு வீடாகச் சாக்கில் அடுக்கின. லாரி வாசலில் நின்றது. விக்னேஷ்குமார் ஒவ்வொரு சாக்கிலும் ஒரு பிடி எடுத்து, பஞ்சைப் பிய்த்து, கொட்டையை நசுக்கி, பட்டையை நிறுத்தினான். எட்டு வீட்டுக்கும் ஒற்றைக் கோடு. ஒன்பதாவது கண்ணுசாமி வீடு.

இரண்டு கோடு.

அவன் பட்டை கெட்டுப்போயிருக்கும் என்று வேறு பட்டை எடுத்தான். வேறு சாக்கில் எடுத்தான். இரண்டு கோடு.

"அய்யா, வேற வெதை ஏதாச்சும் வாங்கிப் போட்டீங்களா?"

"என்ன கேக்குற நீ?" கண்ணுசாமிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சாக்கிலிருந்து ஒரு பிடி பருத்தியை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டான். "இந்தா, கையில எடுத்துச் சொல்றேன். எங்க கருப்பசாமிமேல ஆணையா ஒரு வெதை நான் வெளிய வாங்கல. உங்க பட்டைதேன் பொய் சொல்லுது."

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். தன் புருசனை ஊர் பொய்யன் என்று நினைத்துவிடக் கூடாதே என்றிருந்தது முத்துப்பேச்சிக்கு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தம்பி, அவுக சொல்றது நெசம். பள்ளத்துல பாதி வெதை அழுகிப்போச்சு. அதுக்குக்கூட நாங்க கட வாசப்படி மிதிக்கல. ஜெசிந்தா வீட்டுல மிச்சங் கெடந்த நாத்தைத்தேன் வாங்கி நட்டேன். ஒரு குழி விடல. வேணும்னா வந்து பாரு."

பெருமையாகத்தான் சொன்னாள். லாரிக்காரன் வெளியே யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அவுங்க என்ன வெதைம்மா போட்டிருந்தாங்க?" விக்னேஷ்குமார் மெதுவாகக் கேட்டான்.

அவள் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த பருத்தி நடுங்க ஆரம்பித்திருந்தது.

"அது கடைவெதை" என்றாள். பிறகு, "மிச்ச நாத்து தம்பி அது. தூக்கிப் போட இருந்தது" என்றாள்.

விக்னேஷ்குமாரை ஒன்றும் சொல்வதற்கில்லை. பட்டையை மறைத்து எழுதினால் மில்லில் மறுபடி சோதிப்பார்கள், அவன் வேலை போகும். மேலதிகாரிகளிடம் போனில் பேசினான், வெயிலில் நின்று ரொம்ப நேரம் பேசினான். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. ஊர்க்குழு மொத்தமும் நீக்கம். கொடுத்த தெளிப்பானையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்று வருசத்துக்குச் சேர முடியாது. லாரி காலியாகத் திரும்பியது.

"தம்பி, ரெண்டாவது எடுப்பு செடியிலதான இருக்கு. நான் நட்ட செடி எனக்குத் தெரியாதா? அத்தனையும் புடுங்கிப் போட்டுர்றேன். அதையாவது எடுத்துக்கங்க."

"எது எதுன்னு எப்பிடிம்மா தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

அவனுக்கு மனசு கேட்கவில்லை. மீதி இருந்த பட்டைகளை எடுத்துக்கொண்டு கூடவே வந்தான். பள்ளத்தில் இறங்கியதும் முத்துப்பேச்சி கிணற்றுக் கல்லுக்குப் பக்கத்துச் செடியைத் தொட்டாள். "இது ஜெசிந்தா குடுத்தது. இந்தக் கல்லுல தட்ட வச்சுட்டுத்தேன் முதல்ல இங்க நட்டேன்." இலையைக் கிள்ளி நசுக்கினான். ஒற்றைக் கோடு. அது அவள் ஊன்றிய விதை.

"அப்ப அடுத்தது." அதிலும் ஒற்றைக் கோடு. "இல்ல இல்ல, இந்த வரிசையில மூணாவது குழிதேன் அழுகுனது." இரண்டு கோடு. அவளுக்கு உயிர் வந்தது. அதைப் பிடுங்கப் போனவள், "இந்தா, இது நம்மளது, இதையும் பாரு" என்று மேட்டோரத்து முதல் செடியைக் காட்டினாள். இது கம்பெனி விதை என்று சத்தியம்கூடச் செய்திருப்பாள். அதில் இரண்டு கோடு வந்தது.

ஒரே உயரம். ஒரே இலை. ஒரே மாதிரி வெடித்துத் தொங்குகிற பஞ்சு. அவள் செடிக்குச் செடி முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். இலையைத் திருப்பினாள், தண்டைத் தடவினாள், ஒரு காயை வாயில் வைத்துக் கடித்தும் பார்த்தாள். தன் கையால் நட்ட செடி எது, தன் கையால் விதைத்த செடி எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசிப் பட்டையும் தீர்ந்தது.

"புடுங்குனாலும் பத்தாதும்மா" என்றான் விக்னேஷ்குமார். "பூ பூக்குறப்ப தேனீ அங்கயும் இங்கயும் போயிருக்கும். உங்க செடிக் கொட்டையிலயும் அது ஏறியிருக்கும்."

கூடவே வந்திருந்த சுகன்யாவுக்குப் பொறுக்கவில்லை. "மாமாவுக்கு மண்டபத்துல வச்சுப் பயிற்சி குடுத்தீங்க. நட்ட அத்தைக்குக் குடுக்கல. தேனீக்குமாச்சும் குடுத்திருக்கலாம்ல சார்?"

அவன் காலிக் குப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

வீட்டில் கண்ணுசாமி ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். "விடு முத்து. நானா இருந்தாலும் நட்டிருப்பேன்" என்றான்.

"நீங்க நட்டிருக்க மாட்டீக. ஒங்களுக்கு எங்க குழி கண்ணுல படும்?"

அதற்கு அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

குழாயடியில் யாரும் சண்டைக்கு வரவில்லை. குடத்தை நகர்த்தி இவளுக்கு இடம்கூட விட்டார்கள். ஒருத்தி மட்டும், அவளும் ஒன்பது வீட்டில் ஒரு வீட்டுக்காரி, தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பேச்சி, ஓங் காட்டுக் குழிய அடைச்ச. கூடவே எங்க அடுப்பையும் அடைச்சுட்டியே." இவள் பாதிக் குடத்தோடு திரும்பி வந்துவிட்டாள்.

ஜெசிந்தா கொஞ்ச நாள் இந்தப் பக்கமே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து, உடுத்திய புதுச் சேலையோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"மதினி, நான் வெசத்தையா குடுத்தேன்?"

"ஏண்டி இப்பிடிப் பேசுற? நல்ல நாத்துதேன் குடுத்த. நல்லாத்தேன் காச்சுது."

"தூக்கிப் போட்டிருக்கலாம்."

"போட்டிருக்கலாம்" என்றாள் முத்துப்பேச்சி. பிறகு, "உள்ள வா, வெயில்ல நிக்காத" என்றாள். இரண்டு பேரும் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள்.

பருத்தியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சாக்குகளை வேனில் ஏற்றி, திண்டுக்கல் நாகல் நகரில் அப்துல் ஜப்பார் ராவுத்தர் பருத்திக் கிட்டங்கிக்குக் கொண்டு போனார்கள். பழைய பழக்கம். கண்ணுசாமியின் அப்பா காலத்திலிருந்து அவர் வீட்டுக்குத்தான் பருத்தி போட்டவர்கள். ஜப்பார் பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கொத்துப் பஞ்சை இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்தார்.

"எழை அருமையா இருக்கே கண்ணுசாமி."

"மருந்து படாத பருத்தி பாய்" என்றாள் முத்துப்பேச்சி. "ஒரு சொட்டு வெசம் படல."

"தெரியுதும்மா. கையில ஒட்டாம எவ்வளவு சுத்தமா இருக்கு." அவர் குரல் தணிந்தது. "ஆனா எங்கிட்ட ஒரு குவியல்தாம்மா இருக்கு. தனியாப் போட்டா வாங்க ஆளில்ல. நான் என்ன செய்ய?"

அவர் ஏமாற்றவில்லை. ஊர் விலையைக் கொடுத்தார், டீ வாங்கிக் கொடுத்தார். ஆட்கள் சாக்கைக் கவிழ்த்தார்கள். முத்துப்பேச்சி வாசலில் நின்று பார்த்தாள். சரிந்து விழுகிறவரைக்கும் அது அவள் பருத்தி. விழுந்த பிறகு எது என்று தெரியவில்லை. பள்ளத்தில் நின்ற மாதிரியே இங்கேயும் நின்றாள்.

அடுத்த ஆவணி வந்தது. வேறு என்ன போடலாம் என்று யோசிக்காமல் இல்லை. மக்காச்சோளம் போட்டால் மலையிலிருந்து பன்றி இறங்குகிறது. வெங்காயத்துக்குக் கிணற்றில் தண்ணீர் காணாது. அந்தக் கரிசல் பருத்திக்குத்தான் பேசும். திண்டுக்கல்லில் விதைக் கடை விதைக் கடையாகக் கண்ணுசாமியோடு அவளும் ஏறி இறங்கினாள்.

"பீட்டி இல்லாத பருத்தி வெதை இருக்காங்க?"

"பீட்டி இல்லாததுன்னா வெண்டைக்கா வெதை இருக்கும்மா, தரவா?" என்றான் ஒரு கடைக்காரன். கேலி இல்லை, களைப்பில் சொன்னான். "நீங்க கேக்குறத நான் வித்தே பல வருசமாச்சு. எவரும் போட்டு அனுப்புறதில்ல."

பெலிக்ஸ் போட்ட விதையையே வாங்கினார்கள்.

இந்தத் தடவையும் பள்ளத்தில் சில குழிகள் ஏமாற்றின. ஜெசிந்தா தட்டோடு வந்தாள். வரப்பில் வைத்துவிட்டு, முத்துப்பேச்சி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது இந்தக் காட்டிலும் அதே விதை, அந்தக் காட்டிலும் அதே விதை. யாருக்கும் ஒரு தோஷமும் இல்லை. முத்துப்பேச்சி கப்பைக் கிழித்து ஒவ்வொன்றாக நட்டாள். ஒரு குழியும் விடவில்லை. ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு காயை உடைத்துப் பார்த்தபோது உள்ளே ரோஸ் நிறத்தில் நெளிந்தது.

கூலிக்கு மருந்து அடிப்பவனுக்குப் போன் போட்டார்கள். நாளைக்கு வாரேன் என்றான். மறுநாளும் நாளைக்கு வாரேன் என்றான். எல்லார் காட்டிலும் ஒரே நேரத்தில் புழு விழுந்திருந்தது, அவனும் ஒரு ஆள்தானே? திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற மகனுக்கு லீவு இல்லை. புழு யாருக்காகவும் காத்திருக்காது. மூன்றாம் நாள் காலையில் முத்துப்பேச்சி தொழுவம் கூட்டப் போனபோது, கண்ணுசாமி ஸ்டூல் போட்டு ஏறி உத்திரத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு வரவில்லை. விரல் நடுங்கியது. குளவி பறந்துவிட்டிருந்தது, கூடு மட்டும் உடைந்து கீழே கிடந்தது.

"எறங்குங்க" என்றாள்.

"முத்து, ஒரே ஒரு தடவை..."

"எறங்குங்கங்கிறேன்ல!"

அவன் இறங்கினான். அவள் ஏறினாள். தான் போட்ட முடிச்சுகள் அத்தனையையும் அரிவாளால் அறுத்தாள். டேங்கை இறக்கித் தண்ணீர் ஊற்றி அலசினாள். அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டி, துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மருந்தின் மூடியைத் திறக்கும்போது, "நீங்க ரோட்டுக்குப் போங்க" என்றாள். அவன் போகவில்லை. நிரம்பிய டேங்கை அவள் முதுகில் தூக்கி வைக்க வந்தான். தூக்கினான். அவன் கை ஆடிய ஆட்டத்தில் டேங்கு தளும்பியது. சுகன்யா ஓடிவந்து தாங்கிப் பிடித்தாள். வார்ப்பட்டையை மாட்டிவிட்டது அவள்தான்.

"மாமா, நீங்க போங்க. அத்தைய நான் பாத்துக்கிறேன்."

"அவளுக்கு எங்க தெரியும்? காத்துக்கு எதுத்தாப்புல நடந்துருவா."

"நீங்க அங்க நின்னு சொல்லுங்க. இங்க வராதீங்க."

கண்ணுசாமி ரோட்டோரம் போய் நின்றான். அவ்வளவு தூரத்துக்கும் வாடை வந்திருக்க வேண்டும். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு துண்டை எடுத்துவிட்டுக் கத்தினான். "முத்து! காத்து கெழக்க இருந்து அடிக்குது! முதுகு காட்டி நட! மெல்ல நட!"

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் பம்பு அடிக்கிற சத்தம்தான் கேட்டது. அவன் கையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. நடுக்கத்தில் ஆடுகிறதா, தனக்கு எதையாவது காட்டுகிறானா என்று தெரியவில்லை. சரி சரி என்று அவளும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினாள்.

பள்ளத்திலிருந்து ஆரம்பித்தாள். செடிக்குச் செடி குழாயை நீட்டினாள். நடுவில் ஒரு முளைக்காத குழி வந்தால் அந்த ஓர் எட்டுக்காவது கையை இறக்கிக்கொள்ளலாம், ஒரு மூச்சு முகத்தைத் திருப்பி விடலாம். வரிசை கடைசிவரைக்கும் நிறைந்து நின்றது.